சோபாக்காரர் வாங்கிய கத்தி

கத்திக் கடையில் காட்டிய ஸ்டூலில் சோபாக்காரர் உடனே உட்கார்ந்துவிடவில்லை. உள்ளங்கையை அதன் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மூலையில் இன்னோர் அழுத்து. அப்புறம்தான் உட்கார்ந்தார், உட்கார்ந்த கையோடு லேசாக ஒரு குலுக்கு குலுக்கியும் பார்த்தார்.

"உள்ள இருக்கிற பஞ்சு செத்துப் போச்சும்மா. மேல துணிதான் உங்களைத் தாங்கிட்டிருக்கு" என்றார்.

கத்தி வாங்க வந்த மனிதரிடம் ஸ்டூலைப் பற்றி யார் கேட்டது என்பதுபோல் கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

எங்கே போனாலும் அவருடைய கதை இதுதான். கல்யாண வீடு, துக்க வீடு என்ற பேதம் கிடையாது. பல் வைத்தியரிடம் போனால் வாயைத் திறப்பதற்கு முன் நாற்காலியின் தலைப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார். வங்கியில் அதிகாரி எதிரே உட்காரச் சொன்னால், காது அதிகாரி பக்கம் இருக்கும், கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய்த் தையலைத் தடவிக்கொண்டிருக்கும். அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். இணைப்புக் கொடுப்பதற்கு எத்தனை வார்த்தை வேண்டுமோ அத்தனைதான் வீட்டிலும் பேசுவார். "உங்களோட வெளிய வந்தா மானம் போகுது" என்பது அவற்றில் ஒன்று. சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. சோபாக்காரருக்கு உறைக்கவில்லை.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு எப்போதும் ஏதாவது ஒரு சோபா அங்கே குப்புறக் கிடக்கும். சுவரோரம் ரெக்சின் சுருள்கள், ஸ்பாஞ்ச் பலகைகள், ஒரு டப்பா நிறைய வளைந்த ஊசிகள். மேஜை மேல் முழங்கை நீளத்துக்கு ஸ்பாஞ்ச் அறுக்கிற கத்தி ஒன்று. சின்ன ஆணிகளை அவர் உதட்டோரம் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வார், பேச்சும் அதனூடேதான் வரும். புதிதாக வருகிறவர்களுக்குப் பாதிதான் புரியும். பழகியவர்களுக்கு ஆணி இல்லாமல் அவர் பேசினால்தான் என்னவோபோல் இருக்கும்.

பழைய சோபாவைப் பிரித்தால் உள்ளிருந்து சீப்பு, பேனா மூடி, ஒற்றைக் கம்மல், பாதி மென்ற மிட்டாய் என்று ஓர் உலகமே வரும். ஒருமுறை ஒரு பல் செட்டு வந்தது. அவ்வளவையும் துடைத்து ஒரு பையில் போட்டுச் சோபாவோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். "சோபாக்குள்ள கைய விட்டா அந்த வீட்டு லட்சணம் மொத்தமும் தெரிஞ்சிடும். ஆனா நான் வாயைத் தொறக்க மாட்டேன்" என்பார். சொல்லிவிட்டு, எந்த வீட்டுப் பல் செட்டு என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

கெட்டியான பொருள் எதையும் கெட்டியாகவே விட்டுவைக்க அவரால் முடியாது. கை அரிக்கும். அவர் வீட்டில் வாளியின் பிடிக்கு மெத்தை உண்டு. சுத்தியல் பிடிக்கு உண்டு. குளியலறை முக்காலிக்கு நீர் உறிஞ்சாத தனிரக மெத்தை. மனைவி வேலை நேரமெல்லாம் தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்போன் காதை அழுத்துகிறது என்று ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டார். மறுநாளே அதன் இரண்டு பக்கமும் புசுபுசுவென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மற்ற ஆபரேட்டர்களும் தங்களுக்குக் கேட்டு அனுப்பினார்கள். அந்த அம்மாள் வாய்விட்டுப் பெருமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். அவள் பட்டம் வாங்கிய கையோடு ராணுவத்தில் சேரப் போகிறாள். தேர்வானதை வந்து சொன்னபோது அவர் ஒரு திவானுக்கு அடிப்பட்டை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உச்சி குளிர்ந்துபோனது உண்மை. அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும், ஆணியையும் எடுக்காமல், "எங்க பாப்பா ஆபீசர் ஆகப் போகுது" என்று சொன்னார். ஆனால் மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"அங்க எதுல படுப்பீங்க?"

"சில நாள் கட்டில் இருக்கும்பா. சில நாள் தரைதான்."

"தரைன்னா?"

"தரைன்னா தரைதான்பா. மண்ணு, கல்லு."

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. துப்பாக்கி, குண்டு, எல்லை என்று மற்ற அப்பாக்கள் பயப்படுகிற எதையும் அவரால் மனதில் கொண்டுவந்து பார்க்கவே முடியவில்லை. கல்லை மட்டும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அதன் மேல் தன் மகளின் முதுகையும் பார்க்க முடிந்தது. ஊரில் இத்தனை பேர் முதுகு நோகாமல் பார்த்துக்கொண்ட மனிதருக்கு அது பெரிய துக்கமாக இருந்தது.

உடனே உட்கார்ந்து, மூன்றாக மடிக்கிற மெத்தை ஒன்று தைத்தார். கடையில் கிடைக்காத அடர்த்தி, இரண்டு பக்கமும் காற்றோட்டம், தூக்கிப் போக வார். மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மெத்தையைத் தூக்கிட்டுப் போனா முதல் நாளே சிரிச்சிடுவாங்கப்பா. உங்களுக்கு ஏதாச்சும் குடுத்தே ஆகணும்னா ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் குடுங்க. கயிறு அறுக்க, டின் திறக்க, எல்லாத்துக்கும் ஆகும். சின்னதா இருந்தா வச்சுக்க விடுவாங்களாம், சீனியர் அக்கா சொன்னாங்க."

அப்படித்தான் அவர் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

கடைக்காரம்மா முதலில் எடுத்துப் போட்டது பளபளவென்று இருந்தது. அதில் திருப்புளி, கத்தரிக்கோல், ரம்பம், பல்குத்தி எல்லாம் இருந்தன. "கத்தி கேட்டா பட்டறையையே குடுக்கறீங்களே" என்று ஒதுக்கினார். இரண்டாவது கனம். மூன்றாவதன் பிடியில் பாம்புப் படம் போட்டிருந்தது. "இது சண்டைக்குப் போறவங்களுக்கும்மா" என்று அதையும் தள்ளினார். ராணுவத்துக்குப் போகிறவளுக்கு வாங்குகிறோம் என்பது அந்த நேரம் அவர் நினைவில் இல்லை.

கடைக்காரம்மா ஒவ்வொன்றாக விரித்துக் கையில் கொடுக்க, அவர் அலகை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வார், உதட்டைப் பிதுக்குவார், "கை வலிக்கும்" என்று வைத்துவிடுவார்.

"கத்திங்க இது. தலகாணி இல்ல" என்றார் கடைக்காரம்மா. "யாருக்குத்தான் வாங்கறீங்க?"

"பொண்ணுக்கு. மிலிட்டரில சேரப் போறா."

கடைக்காரம்மாவின் குரல் மாறிவிட்டது. அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று உரிமையோடு கடிந்துகொண்டு, உள்ளேயிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். விரல் நீள அலகு. சாம்பல் நிற இரும்புப் பிடி, அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப்பொடியாய் வரி வெட்டியிருந்தது. "மழையில நனைஞ்சாலும், கை வேர்த்தாலும் வழுக்காது. அதுக்குத்தான் இந்த வரி. கண்ணை மூடிட்டுக் குடுங்க" என்று தானே விரித்துக் கொடுத்தார்.

சோபாக்காரர் பிடித்துப் பார்த்தார். வரி உள்ளங்கையைக் கடித்தது. இருந்தாலும் இதைவிட நல்லது அந்தக் கடையில் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது. விரித்தது விரித்தபடியே காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். கடிக்கிற விஷயத்தை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் முன்னறைக் கதவு சாத்தியே இருந்தது. யாரோ ஒரு டாக்டருடைய சாய்வு நாற்காலி ஆள் இல்லாமல் அம்போவென்று கிடந்தது. இருப்பதிலேயே மிருதுவான பழுப்புத் தோல் துண்டு ஒன்றை நல்ல வேலைக்கு என்று எடுத்து வைத்திருந்தார், அது வெளியே வந்தது. அதற்கு அடியில் வைக்க, நகத்தளவு கனத்தில் ஸ்பாஞ்சைச் சீவினார். பிடியைச் சுற்றி இழுத்துப் போர்த்தி, வளைந்த ஊசியால் எறும்பு வரிசைபோல் தைத்தார். தையல் தொடங்கிய இடமும் தெரியவில்லை, முடிந்த இடமும் தெரியவில்லை. பிடித்துப் பார்த்தார். கடி போய்விட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மனைவி வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரையும் முன்னறைக்குக் கூப்பிட்டார். உள்ளே வெல்வெட் ஒட்டிய பெட்டி. அதில் அலகை நீட்டிக்கொண்டு கத்தி படுத்திருந்தது.

"அப்பா, சூப்பரா இருக்கு" என்று மகள் நிஜமான சந்தோஷத்தோடுதான் எடுத்தாள். தோலைத் தடவினாள். தையலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு அலகை மடக்கப் போனாள். மடங்கவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். திருப்பிப் பார்த்தாள்.

அலகு போய்ப் பதுங்க வேண்டிய பள்ளம் எங்கே இருந்ததோ, அங்கே தோலும் பஞ்சும் கச்சிதமாக மூடிக்கொண்டிருந்தன.

"அப்பா, இது எப்படி மூடும்?"

சோபாக்காரர் ஆணியில்லாத வாயோடு அவளையே பார்த்தார். "மூடணுமா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாளெல்லாம் அவர் கையில் இருந்தது மடங்காத கத்தி. கடையிலும் ஒவ்வொன்றையும் அந்த அம்மாள்தான் விரித்துக் கொடுத்தார். கத்தி என்றால் விரிந்து கிடப்பது என்பதற்கு மேல் அவர் யோசிக்கவே இல்லை.

"மடக்குக் கத்தின்னா மடங்கணும்ங்க" என்றார் மனைவி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக் குரல் எங்கோ போய்விட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குப்புறக் கிடந்த சாய்வு நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளும் சேர்ந்துகொண்டாள். சோபாக்காரரும் அசடு வழியச் சிரித்தார். சிரித்தாரே தவிர, பிடித்த பிடியை விடவில்லை.

"ஒரு உறை தச்சுத் தர்றேன். தொறந்தாப்லயே வச்சுக்கோ."

"பையைக் குத்திட்டு வெளிய வரும்பா. பஸ் சீட்டு கிழிஞ்சிடும்."

சீட்டு கிழியும் என்றதும் உறைப் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார். அவள் அவரை நன்றாக அறிந்தவள்.

"அந்தப் பஞ்சை எடுத்துடுங்கப்பா. தோலையும்தான். அந்த வரி இருந்தாத்தான் எனக்குப் பிடி கிடைக்கும்."

"அது கையைக் கடிக்குது பாப்பா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் பிடிச்சுப் பார்த்தேன். உன் கை தாங்காதும்மா. அங்க இருக்கிறது எல்லாமே கல்லும் மண்ணுமா இருக்கு. ஒண்ணே ஒண்ணாவது மெத்துன்னு இருக்கட்டுமேன்னுதான்."

சிரிப்பு நின்றுபோயிற்று. மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் கத்தியை மேஜை மேல் வைத்தாள். அப்பாவின் கையை இழுத்துத் தன் உள்ளங்கையின் மேல் வைத்தாள். "தொட்டுப் பாருங்க."

விரல்கள் தொடங்குகிற இடத்தில் வரிசையாக நான்கு மேடு. காய்த்துப்போய், தோல் தடித்து, தடவினால் சொரசொரவென்று இருந்தது. தன்னுடைய கையைத்தான் தடவுகிறோமோ என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"எப்பலேர்ந்து இது?"

"காலேஜ் கடைசி வருஷத்துலேர்ந்து. மாடியில கம்பி கட்டித் தினமும் தொங்கறேனேப்பா."

"அது துணி காயப்போடறதுக்குன்னுல்ல நெனச்சேன்."

"துணியும் காயப் போட்டீங்க. நான் எடுத்து வச்சிட்டுத் தொங்குவேன்."

அவர் அந்த மேடுகளை மறுபடி ஒருமுறை தடவினார். சின்ன வயதில் அவள் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றார். சரியாக நினைவு வரவில்லை. துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துக்கத்துக்குள்ளேயே மனசு எங்கோ லேசாகிவிட்டதும் அவருக்குத் தெரிந்தது.

கையை விட்டார். மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார். தையல் தொடங்கிய இடம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அங்கே பிளேடு நுனியை நுழைத்து இழை இழையாக அறுத்தார். தோல் வாழை மட்டை உரிவதுபோல் கழன்று வந்தது. பிடியில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, அலகை மடக்கினார். டக்கென்று உட்கார்ந்தது.

"இந்தா பாப்பா" என்று மகளிடம் கொடுத்தார். பிறகு மேஜை மேல் கிடந்த பஞ்சை எடுத்து, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.