டவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க

செல்போன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரே கஷ்டம்தான்: சிக்னல் எல்லாருக்கும் வேண்டும், டவர் ஒருத்தருக்கும் வேண்டாம். நீங்களும் ஜன்னலோரம் நின்று "ஹலோ, இப்ப கேக்குதா? இப்ப?" என்று கத்தியவர்தானே? அப்போது மனசுக்குள் யாரைத் திட்டினீர்களோ, அந்த ஆள் நான்தான். பெயர் கோமதி. ஊர் திருநெல்வேலிப் பக்கம், பிழைப்பு பதினாறு வருஷமாக டெல்லியில். டவர் வைக்க மொட்டைமாடி கேட்டு அலைவது, வைத்த டவரைப் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது, சிக்னல் இல்லை என்று கத்துகிறவர் வீட்டுக்கே போய்த் திட்டு வாங்குவது, இதெல்லாம் என் வேலை. போன வருஷம் ஒரே ஒரு டவர் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தலைக்கு மேலே டவர்

மோதி பாகிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம் போனால் ஒரு சொசைட்டி. சர்க்கார் ஆபீசர்கள் ரிட்டயரான பிறகு சேர்ந்து கட்டிக்கொண்டது. ஏ, பி, சி என்று மூன்று கட்டடங்கள். ஏ பிளாக் மாடியில் எங்கள் டவர். அதற்கு நேர் கீழ் வீட்டில் இருந்த மிஸஸ் அகர்வால் வாரம் தவறாமல் புகார் கொடுப்பார். போய்ப் பார்த்தால் வெயிலுக்குப் பயந்து எல்லா ஜன்னலிலும் வெள்ளி நிறத் தாள் ஒட்டி வைத்திருக்கிறார். போனை வைக்கிற இடம் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில். அங்கே சிக்னல் என்ன, பல்லிகூட சிரமப்பட்டுத்தான் நுழையணும்.

உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன். டவரில் ஆள் உயரத்துக்கு மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்து நிற்கும். பார்க்கிற பக்கம்தான் சிக்னல் போகும், டார்ச் லைட் மாதிரி. இந்த டவரில் ஒரு பெட்டி மெயின் ரோட்டைப் பார்க்கிறது, இன்னொன்று பி, சி பிளாக்குகளை, மூன்றாவது பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜுக்கி குடிசைகளை. நேர் கீழே குறைவாகத்தான் வரும். அரை மணி நேரம் ஹிந்தியில் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அந்த அம்மாள் இஞ்சி போட்ட சாய் கொடுத்து, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "அச்சா! அப்போ அந்த டவரை எதிர் பிளாக் மாடியில் வெச்சிருந்தா எனக்கு சிக்னல் வந்திருக்கும். என் தலையில் எதுக்கு வெச்சீங்க?"

ஃபைல் நகர்கிறது

அந்த டவருக்கான ஒப்பந்தம் அடுத்த மாசக் கடைசியோடு முடிவதாக இருந்தது. கதிர்வீச்சு, குழந்தைகள், தலைவலி என்று ஏதேதோ வாட்ஸப்பில் படித்துவிட்டு, புதுப்பிக்க வேண்டாம் என்று பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அதை அவர்கள் ஊருக்கெல்லாம் பரப்பியதும் அதே டவர் வழியாகத்தான், அது வேறு விஷயம். குர்கானில் உட்கார்ந்திருக்கும் என் மேலதிகாரியோ, "கையெழுத்து வாங்கு, இல்லை வேற மாடி பிடி" என்று போனை வைத்துவிட்டார். மாடி என்ன மார்க்கெட்டில் கூறுகட்டியா விற்கிறது?

சுற்றுவட்டாரத்தில் பதினோரு மாடி ஏறி இறங்கினேன். நாக்குத் தள்ளிவிட்டது. ஒருவர், டவர் வந்தால் தன் புறாக்கள் கோபித்துக்கொண்டு போய்விடும் என்றார். இன்னொருவர், பெண்ணைப் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள், கல்யாணம் முடியட்டும் என்றார். கல்யாணம் எப்போது என்றேன், பெண் பத்தாவது படிக்கிறாள் என்றார்.

கடைசியில் சொசைட்டி செக்ரட்டரி ராமநாதன் சாரிடமே திரும்பி வந்தேன். கும்பகோணத்துக்காரர், மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயரானவர். தண்ணீர் மோட்டார் ரிப்பேரானாலும் ஃபைல் போட்டு, குறிப்பு எழுதி, சொசைட்டித் தலைவர் சோப்ராவிடம் அனுப்பி, கையெழுத்தாகி வந்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுவார். அதுவரை அந்த மூன்று பிளாக்கும் பக்கெட்டில் தண்ணீர் சுமக்கும். எங்கள் டவருக்கும் பச்சை நாடா கட்டிய ஒரு ஃபைல் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கோமதி, நான் வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஃபைல் நகர்ந்துண்டிருக்கு."

மெஷினுக்கு வராத சிக்னல்

இதற்கிடையில் பேட்டரி மாற்றுவதற்காக டவரை ஒரு நாள் நிறுத்தினோம். மதியம் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தவள், பின்கேட்டுக்கு வெளியே ஒரே சத்தமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். ஜுக்கிச் சந்தில் ஒரு ரேஷன் கடை. கைரேகை வைத்தால்தான் மெஷின் அரிசியும் கோதுமையும் போடச் சொல்லும். மெஷினுக்குள் இருப்பது எங்கள் சிம். கடைக்காரர் ஸ்டூலில் ஏறி மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே நாற்பது ஐம்பது பேர் பையோடு நிற்கிறார்கள். அந்தச் சந்து பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் டவரை விட்டால் வேறு எந்தக் கம்பெனி சிக்னலும் அங்கே இறங்காது. இந்த டவர் போனால் ஒரு நாள் இல்லை, எல்லா நாளும் இதே கதிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வரிசையில் தமிழ்க் குரல் கேட்டது. பச்சையம்மா, கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். சொசைட்டியில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், அதில் ஒன்று ராமநாதன் சார் வீடு. காலையிலிருந்து மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறாராம், மூன்று வீட்டுக்கும் லீவு போட்டுவிட்டு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் அந்த டவர் கம்பெனிதாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். பச்சையம்மா கட்டைவிரலை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்: "ரேகை இருக்குது, கார்டு இருக்குது, உள்ள அரிசி மூட்டை இருக்குது. உங்க சிக்னல் இல்லன்னா நான் மட்டும் இல்லாத ஆளா மேடம்?"

அந்தப் பக்கம்

ஒருவழியாக ஃபைல் வந்தது. டவர் இருக்கலாமா, போகலாமா என்று மாசக் கடைசிக்கு முந்தின சனிக்கிழமை ஓட்டெடுப்பு. அதுவரை, பி, சி பிளாக்குகளையும் குழந்தைகள் விளையாடும் பார்க்கையும் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டியை எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கீழே ராமநாதன் கையெழுத்து, அதற்குக் கீழே சோப்ரா கையெழுத்து. எதிர்ப்பக்கம் என்றால் ஜுக்கி.

"அந்தப் பக்கமும் ஆளுங்க இருக்காங்களே சார்" என்றேன். "அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் சோப்ரா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. கதிர்வீச்சு அளக்கிற மீட்டர் கொண்டுவந்து உங்கள் கண்முன்னாலேயே அளந்து காட்டுகிறேன், சர்க்கார் வரம்புக்கு எவ்வளவோ கீழேதான் இருக்கும் என்றேன். மீட்டரும் உங்கள் கம்பெனியுடையதுதானே என்றார். திருப்பினால் உங்கள் வீடுகளில் சிக்னல் போய்விடும் என்று ஒரே ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதமும் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் டெக்னீஷியன் பூபிந்தர் டவர் ஏறினார். இருபது வருஷமாக ஏறுகிறவர். டவர் உச்சியில் உட்கார்ந்துகொண்டு கீழே நிற்கிறவரைப் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். நட்டைத் தளர்த்தி, பெட்டியைத் திருப்பி, மறுபடி முறுக்கிவிட்டு இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டே அவர் ஹிந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "மேடம்ஜி, இவங்க கேட்டதை அப்படியே கொடுத்துட்டோம். இனிமே இவங்களைக் கடவுள்தான் காப்பாத்தணும்."

சந்தில் நடந்த ஓட்டெடுப்பு

மூன்று வாரம் வீட்டு வைஃபையிலேயே பேசிச் சமாளித்துவிட்டார்கள். காப்பாற்ற வேண்டியது என்னைத்தான் என்று சனிக்கிழமை மதியம் தெரிந்தது. ஓட்டை சொசைட்டியின் ஆப்பில் போட வேண்டும். வீட்டில் வைஃபை இருக்கிறது, ஆப் திறக்கிறது, ஆனால் ஓட்டு விழ ஓடிபி வேண்டும், ஓடிபி எஸ்எம்எஸ்ஸில்தான் வரும். அங்கே பாதிக்குமேல் எங்கள் சிம். சிக்னலே இல்லாத வீட்டுக்கு எஸ்எம்எஸ் எங்கிருந்து வரும்? ஆறு மணிக்குள் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஓட்டுப் போடாவிட்டால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடும் என்று ராமநாதன் சாரின் ஃபைலில் ஒரு விதி வேறு. மூன்று மணிக்கு மூன்றில் ஒரு பங்குகூட விழவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்! என் தலையில் மட்டுமா, அந்த ரேஷன் வரிசை மொத்தத்தின் தலையிலும்.

நானும் பூபிந்தரும் வீடு வீடாக ஓடினோம். மாடிப்படி ஏறி எனக்கு மூச்சு வாங்கியது, கதவு திறந்ததும் சொல்ல முடிந்தது ஒரே வார்த்தைதான், "பின்கேட்! பின்கேட்!" அங்கேதான் சிக்னல் கொட்டுகிறது, இரண்டு பெட்டியும் அங்கேதானே பார்த்துக்கொண்டிருக்கின்றன. நாலரை மணிக்கு அந்தச் சந்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஜாயிண்ட் செக்ரட்டரியாக இருந்தவர், டைரக்டராக இருந்தவர், வாக்கிங் ஸ்டிக் வைத்த ஒரு ஜெனரல் மானேஜர், எல்லாரும் ரேஷன் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அன்றைக்கு மெஷின் சிட்டாய்ப் பறந்தது. விரல் வை, சீட்டு வந்தது, அடுத்த ஆள்.

ராமநாதன் சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசையில் பச்சையம்மாவைக் கண்டதும், "நீ எங்கே இங்கே?" என்றார். "போன மாசம் சொல்லாம லீவு போட்டேன்னு திட்டுனீங்களே சார், அன்னிக்கு இந்த மெஷினு வேலை செய்யல. மூணு தபா வந்துட்டுப் போனேன்." ராமநாதன் சாருக்கு முகம் சுருங்கிப்போனது. "எனக்குத் தெரியாதேம்மா. தெரியாம கத்திட்டேன்" என்றார். ஒரு அண்டர் செக்ரட்டரி நடுச்சந்தில் நின்று அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

பச்சையம்மா அதோடு விடவில்லை. பக்கத்தில் ஓடிபிக்காகக் காத்திருந்த சோப்ராவைக் கைகாட்டி ஏதோ கேட்டார். தனக்குப் புரியாத பாஷையில் தன்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறதே, இவள் என்ன சொல்கிறாள் என்று அவர், "க்யா போல் ரஹீ ஹை?" என்றார். ராமநாதன் சார் நழுவிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை குறைக்காமல் ஹிந்தியில் சொன்னார். பச்சையம்மா கேட்டது இதுதான்: "புள்ளைங்களுக்கு ஆவாதுன்னுதானே அந்தப் பொட்டிய எங்க புள்ளைங்க பக்கம் திருப்புனீங்க? இப்ப நீங்களே வந்து அதுக்கு நேரா நிக்கிறீங்களே சார்?"

மறுபடி ஃபைல்

சோப்ராவின் போன் டிங் என்றது, ஓடிபி வந்தது, ஓட்டுப் போட்டார், தலையைக் குனிந்தபடி போய்விட்டார். ஆறு மணிக்கு எண்ணிப் பார்த்தால் டவர் இருக்கட்டும் என்று எழுபது வீடு, போகட்டும் என்று பதினெட்டு. நான் பூபிந்தரின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவர் பயந்தேபோனார்.

திங்கட்கிழமை சோப்ராவே என்னைக் கூப்பிட்டார். மீட்டரைக் கொண்டு வா, முதலில் சந்தில் அள, குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் அள, பிறகு எங்கள் பார்க்குக்கு வா என்றார். கூடவே நடந்து வந்து ஒவ்வொரு எண்ணையும் அவர் கையாலேயே குறித்துக்கொண்டார். எல்லாம் வரம்புக்கு வெகு கீழே. பெட்டியைப் பழையபடி திருப்பினோம். குர்கான் மேலதிகாரிக்கு, பெட்டி திரும்பியிருந்த அந்த மூன்று வாரத்தின் டேட்டா கணக்கு போயிருந்தது. குடிசைப் பகுதியில் யார் டேட்டா வாங்கப் போகிறார்கள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். இரண்டு பெட்டி பார்த்தும் அந்தப் பக்கம் நிரம்பி வழிந்திருக்கிறது. வீடியோ கால் என்ன, பிள்ளைகளின் பாடம் என்ன, ஊருக்குப் பேசும் பேச்சு என்ன! ஜுக்கிப் பக்கத்துக்குத் தனியாக நாலாவது பெட்டி வைக்க அவரே அனுமதி கேட்டு எழுதினார். சொசைட்டியின் சம்மதமும் வேண்டுமே என்று நான் பயந்துகொண்டே போனேன். ராமநாதன் சார் ஃபைலைத் திறக்கவே இல்லை. "கையெழுத்து எங்கே போடணும்னு காட்டு. குறிப்பெல்லாம் அப்பறம் எழுதிக்கலாம்."

அடுத்த மாசம்

நாலாவது பெட்டி வந்தபின் முதல் ரேஷன் நாளில் சும்மா எட்டிப் பார்த்தேன். பத்து மணிக்கெல்லாம் வரிசை கரைந்துவிட்டது. கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். பச்சையம்மா அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொசைட்டிப் பக்கம் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தார். நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்று ஆசையோடு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எது மேடம்?"

நாங்கள் ஒழுங்காக வேலை செய்தால் எங்களை ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது என்பதால், ஜனங்கள் எங்களை மறக்க வேண்டும் என்பதற்காகவே நான் இன்னும் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறேன்.