வைடன்ஸ்டெட் பிரபுவின் கவிழ்ந்த கேடயம்

ஜேர்மனியில் அகதியாக இருந்தபோது, வைடன்ஸ்டெட் என்னும் சிறு பிரபுக் குடும்பத்தின் பழைய மாளிகையில் என்னைத் தங்கவைத்தார்கள். அங்கே கடைசிப் பிரபுவின் கல்லறையில் குடும்பச் சின்னமான கேடயம் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருந்தது. கல்தச்சனின் பிழை என்று குறித்துவைத்தேன்.

மொன்றியலுக்கு வந்து, தனியே ஜேர்மன் மொழி படித்து, அந்தப் பிரபுக் குடும்பத்தின் வரலாற்றை எழுதும்போதுதான் விளங்கியது: ஆண்வழி அற்றுப்போனால் கேடயத்தைக் கவிழ்ப்பது அவர்கள் வழக்கம். உறுதிப் பத்திரங்கள் இருந்தும் அவர்களது நிலத்தை அயல் அரசன் எடுத்துக்கொண்டான். இலங்கையில் என் மன்னார்க் காணியும் அவ்வாறே போயிற்று. உறுதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வருடம் எங்கள் ஒரே மகன் ஜெனாட் துறைமுக வேலையில் இறந்தான். மன்னாரில் எங்கள் மாடுகளுக்குச் சுடும் குடும்பக்குறியை, அவனுடைய கல்லறைக் கல்லில் தலைகீழாக வெட்டச் சொன்னேன்.

"கல்லு வெட்டினவன் பிழைவிட்டிட்டான் எண்டெல்லோ சனம் நினைக்கும்?" என்றாள் மனைவி றோசா.

"ஓம். நானும் ஒருக்கா அப்பிடித்தான் நினைச்சனான்."