சார்ஜ் கடையும் பீடிக்காரர்களும்

பேட்டரிக்கு சார்ஜ் போடுகிற தொழிலில் நெருப்பை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அதுவே பீடியாக யார் வாயிலாவது ஏறிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடும்.

எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். டைனமோ போட்டால் மேட்டில் மிதிக்க முடியவில்லை, முழங்கால் கழன்று போகிறது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். அவர் மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற சின்ன பேட்டரியை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, சைக்கிள் பாரில் கட்டி, முன்னால் லைட்டை மாட்டிக் கொடுத்தார். பால்காரர், பொம்மிடிக்கு விடியல் ரயிலுக்குப் போகிறவர், மரவள்ளிக் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் என்று எல்லோரும் வாங்கினார்கள். லைட் மங்கினால் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து சார்ஜ் போடக் கொடுப்பார்கள். அவர் ரிப்பேர் வேலை என்று வெளியே கிளம்பிவிடுவார். கடைக்கு நான்தான் காவல்.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கீற்றுக் கூரை. நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் தூளியில் என் கைக்குழந்தை. சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூடிகளைத் திறந்து வைக்க வேண்டும். உள்ளே உலைத்தண்ணீர் மாதிரி குமிழ் விடும். அதிலிருந்து வருகிற காற்று கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். கூரையையும் தூளியையும் பார்த்துப் பார்த்து நான் எப்படிப் பொழுதைத் தள்ளியிருப்பேன் என்று, புருஷன் கடையை ஒப்படைத்துவிட்டுப் போன பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாப்பா சொன்னால் கேட்பார்கள்

பக்கத்துப் பெட்டிக்கடையில் பீடி பற்ற வைக்கக் கயிற்றில் நெருப்பு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே பற்ற வைத்துக்கொண்டு ஒரே எட்டில் எங்கள் கடைக்குள் வந்துவிடுவார்கள். எனக்கோ வேற்று ஆம்பிளைகள் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "பாப்பா, மாமாவ பீடிய வெளிய போட்டுட்டு வரச் சொல்லு" என்பேன். உங்களில் பல பேர் இப்படித்தான் வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசியிருப்பீர்கள்.

பாப்பாவுக்கு அப்போது பல்லே முளைக்கவில்லை. ஆனாலும் நிறைய பேர் அவள் சொல்லைத் தட்டாமல் பீடியைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு பால்காரர் மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தார். முதுகுக்குப் பின்னால் இருந்து புகை மேலே போகிறது. பேட்டரி வரிசையோ அவர் காலடியில் இருக்கிறது. நான் பதறிப்போய் பாப்பாவிடம் மறுபடியும் சொன்னேன். அவர் குனிந்து, பாப்பாவின் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: "கண்ணு, மாமா பீடி குடிக்கல, சும்மா கையிலதான் வெச்சிருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

ஸ்போக்கு

ஒரு நாள் சார்ஜ் போர்டில் பீஸ் போய்விட்டது. புதுக் கம்பி போட்டேன், அதுவும் போனது. ரைஸ் மில்லில் வேலை பார்க்கிற ஒருவர் சார்ஜுக்குப் போட்ட பேட்டரியை வாங்க வந்து காத்திருந்தார். "இருங்க தங்கச்சி, கரண்டு வேலையெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லி, வீட்டுக்காரர் அறுத்துப் போட்டிருந்த சைக்கிள் ஸ்போக்கில் ஒரு துண்டை எடுத்து பீஸ் கட்டையில் மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டார். பீஸ் கம்பி எரிந்து போவதே ஒயரைக் காப்பாற்றத்தான் என்று வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? பாப்பா வேறு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்போதே ரப்பர் கருகுகிற வாடை வந்தது. தட்டி ஓரமாகப் போகிற ஒயர் வெல்லப்பாகு மாதிரி சொட்ட ஆரம்பித்தது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். தட்டியில் ஓரிடம் கறுத்துப் போயிருந்தது, அவ்வளவோடு தப்பித்தோம். அவர் நிதானமாக பீஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பெருமையாக என்னிடம் காட்டினார்: "பாத்தீங்களா தங்கச்சி, ஒயரே உருகிப் போச்சு, நான் போட்ட ஸ்போக்கு அப்படியே இருக்குது!"

கம்பளி

மரவள்ளி போடுகிற ஒரு விவசாயி, வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு சார்ஜர் பெட்டி வாங்கிப் போனார். சுற்றிலும் எதுவும் இருக்கக் கூடாது, காற்றாட வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அந்தப் பெட்டி ஓடும்போது வண்டு மாதிரி ஙொய்யென்று சத்தம் போடும். நாலாம் நாள் அவர் ஒரு கம்பளியை மடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அதைப் போர்த்தி விட்டாராம். பெட்டியும் போச்சு, கம்பளியும் போச்சு. அப்போதும் அவருக்கு எங்கள் மேல் கோபம் இல்லை: "போர்த்துன ஒடனே சத்தம் நின்னுச்சுங்க. அதுக்கு மேலதான் பொக வந்துச்சு."

தீர்த்தம்

எங்கள் மாதா கோயில் உபதேசியார் ஊர் ஊராக ஜெபம் சொல்லப் போகிறவர். அவர் பேட்டரியை சார்ஜில் போட்டால், கொஞ்ச நேரத்தில் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி சுடுகிறது. நல்லவேளை, கை வைத்துப் பார்த்தேன். அப்படியே விட்டிருந்தால் வெடித்திருக்கும். சுவிட்சை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் கிளிப்பைக் கழற்றினேன். சுவிட்ச் போட்டபடியே கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும், அதைத்தான் நான் கனவிலும் மறக்கமாட்டேன். தண்ணீர் குறைந்ததற்கு என்ன ஊற்றினீர்கள் என்று வீட்டுக்காரர் கேட்டார். பேட்டரிக்கென்று விற்கிற தண்ணீரை ஊற்றாமல், கோயில் தீர்த்தத்தை ஊற்றியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு தீர்த்தமானால் மட்டும் போய்விடுமா? நான் தட்டிக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டேன். உபதேசியாருக்கு மனசே ஆறவில்லை: "சாமியார் மந்திரிச்ச தண்ணியையே தாங்கலைன்னா, இது என்னப்பா பேட்டரி?"

மாமனார்

ஏரியூர்ப் பக்கம் காட்டில் இருக்கிற என் மாமனார் வந்து எங்களோடு கொஞ்ச நாள் தங்கினார். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் நேராகப் பேசியதில்லை. "பாப்பா, தாத்தாவ சாப்பிட வரச் சொல்லு" என்பதோடு சரி. பீடி மட்டும் அவர் கையை விட்டு இறங்காது. வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். "நான் வைக்கோல் போர் மேல உக்காந்து பீடி குடிச்சவன்டா, இந்தத் தகரப் பொட்டி என்னை என்ன பண்ணும்?" என்று சிரித்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் வரிசையாக எல்லாப் பேட்டரியும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இல்லை. பாப்பா தூளியில் தூங்குகிறாள். நான் தட்டிக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டு, சந்து வழியாகக் கடையையும் ஒரு கண் பார்க்கிறேன். மாமனார் ஒரு பேட்டரிக்கு முன்னால் குந்தினார். மூடி ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே இருட்டு, தண்ணீர் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை போலிருக்கிறது. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சியை எடுத்து ஓட்டைக்கு நேராகப் பிடித்து, உரசக் கை ஓங்கினார். யார் மூலமாகச் சொல்வது? பாப்பாவை எழுப்பக்கூட நேரமில்லை. என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது: "யோவ்! குச்சியப் போடுய்யா! எம் புள்ள தூங்குது!"

தீப்பெட்டி கீழே விழுந்து குச்சியெல்லாம் சிதறிப் போனது. பெட்டிக்கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வெளியே போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. நான் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் வந்ததும் முதலில் நானே சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார், கடை பிழைத்ததற்கா, அப்பா கோபித்துக்கொண்டதற்கா என்று தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரம் வாசலில் மாமனார் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெட்டிக்கடை பெஞ்சை எங்கள் கடை வாசலில் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பீடி இல்லை. வாயில் பீடியோடு பேட்டரி கொண்டுவந்த ஒரு ஆளைக் கையை நீட்டி மறித்துச் சொல்கிறார்: "பீடியப் போட்டுட்டு உள்ள போ. உள்ள இருக்கறவ சொந்த மாமனாரையே யோவ்னு கூப்பிட்டவ, உன்னைய என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியாது."

தொழில் செய்து நான் ஆம்பிளைகளிடம் பேசக் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் இரண்டாம் தரம் சொல்ல யாரும் எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை.