அப்பா பார்த்த கடற்பருந்து

1. அமரவிளையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா திடீரென்று ஓட்டுவதை நிறுத்தினார். முதுகுவலி என்றார்.
2. முதுகு இல்லை, கண் என்று எங்களுக்குத் தெரிந்தபோது இடது கண் முழுதாகப் போயிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். வலது கண்ணில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, நடுவில் ஒரு சிறு வட்டம் மிச்சம். அதுவும் போகும், எப்போது என்று சொல்ல முடியாது.
3. அது போவதற்குள், விடுமுறையில் நான் பறவைகளைப் படம் எடுக்கப் போகிற இடம் ஒன்றைத் தானும் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. அதற்கு முன் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
4. அந்தமானில், படகில் மட்டுமே போக முடிகிற ஒரு சிறு தீவுக்கு இருவரும் போனோம்.
5. அங்கே மூன்றாம் நாள், அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அம்மா வரவில்லை. "கடலு பாக்கணுமெங்கி பக்கத்துக் கடப்பொறத்துக்குப் போனாப் போராதா? பிளேன்ல ஏறியா போவணும்?" என்றாள்.

"பக்கத்துக் கடலுக்கு ஆட்டோவுல ஆளு கொண்டு விட்டது போரும். ஒரு கடலையாவது சவாரி இல்லாம பாக்கட்டு" என்றார் அப்பா.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் படிப்படியாக யோசித்துத்தான் பழக்கம். சிறு வட்டத்துக்குள் மட்டும் பார்க்கிறவரால் மரத்தில் இருக்கும் பறவையைத் தேடிப் பிடிக்க முடியாது. தேடுவதை நான் செய்யலாம். படம் எடுத்து, கேமராவின் திரையில் பெரிதாக்கி, அவர் வலது கண்ணருகே பிடித்தால் பறவை முழுதாக அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு வீட்டுக்குப் பின்னால் நின்ற ஒரு மைனாவை அப்படிக் காட்டினேன். அலகு மஞ்சள் என்று அவராகவே சொன்னார். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தீவில் முதல் நாள், அலையாத்தி மரத்தின் வேரில் ஒரு மீன்கொத்தி இருந்தது. "நீலமும் வெள்ளையும் அப்பா" என்று சொல்லிக்கொண்டே எடுத்து, திரையைக் காட்டினேன். "கொள்ளாம். என்னா நீலம்!" என்றார். மறுநாள், சேற்றில் மீன்கள் துள்ளுகின்றன என்று சொல்லிக் காட்டினேன். "அவனுக்க சாட்டத்தப் பாரு" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை, பாறைகளுக்கு மேலே பட்டுப்போன ஒரு மரத்தின் உச்சியில் கடற்பருந்து உட்கார்ந்திருந்தது. நான் இதுவரை அவ்வளவு அருகில் பார்த்ததில்லை. "அப்பா, பருந்து. நெஞ்செல்லாம் வெள்ளை" என்று கிசுகிசுத்தபடி எடுத்துத் தள்ளினேன். நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கி, கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அதற்குள் பருந்து எழும்பியது. அது கடலுக்கு மேலே வட்டம் போட்டு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பியபோது அப்பா கேமராவைக் கண்ணருகே பிடித்திருந்தார்.

"என்னா வெள்ளை! வெளுத்து விரிச்ச முண்டு மாதிரி ஆக்கும். பாத்தியா மக்கா, நம்மளயேல்லா பாக்குது."

திரை அணைந்திருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அது கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். அந்தக் கறுப்பில் அவருடைய கண்தான் தெரிந்தது.

வாங்கி, பொத்தானை அழுத்தினேன். படத்தில் பருந்து எங்களைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டு நாட்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். மீன்கொத்தியின் நீலம், நான் முதலில் சொன்னது. மீன் துள்ளுவது, நான் சொன்னது. காலையில் கடலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தது, அதுவும் நான் சொன்னது. அவராக எதையும் சொல்லவில்லை.

"இன்னும் உண்டா? காட்டு" என்றார்.

"உண்டு அப்பா."

கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். இம்முறை நிறையச் சொன்னேன்: அலகின் வளைவு, இறக்கையின் சாம்பல், மரப்பட்டை உரிந்து தொங்கிய விதம். அவர் முகம் கேமராவை விட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. "ஆமா, ஆமா" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

திரும்பும் படகில், படகோட்டி தமிழில் கேட்டார்: "என்னென்ன பாத்தீங்க பெரியவரே?"

"எல்லாம் கண்டேன். எனக்க மவ ஒண்ணையும் விடாம காட்டித் தந்தா. பருந்து ஒண்ணு உண்டும், அதக் கண்டது போரும் எனக்கு."

நான் லென்ஸைத் துடைத்தேன். துடைக்க அதில் எதுவும் இல்லை.

இப்போதைய நிலை: வலது கண்ணில் வெளிச்சம் வருவதும் போவதும் மட்டும் தெரிகிறது. சொட்டு மருந்து தொடர்கிறது. பார்வை எப்போது போனது என்று கேட்பவர்களிடம், அந்தமானில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என்று அப்பா சொல்கிறார். அம்மாவும் அதை நம்புகிறாள். நான் திருத்தவில்லை.