மழைச் செய்தியும் கமலாவின் சேலையும்

சொல்ல வேண்டியவை:
1. என் நிரலை ஏஐ கருவி சரிபார்த்தது.
2. இருந்தும் என் மனைவியின் சேலை நனைந்தது.
3. தவறு கருவியுடையது.

மழை வரும்போல் இருந்தால் கமலாவின் கைபேசிக்கு ஒரு செய்தி போக வேண்டும். சன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் காயும் துணிகளை அவள் எடுத்துவிடுவாள். அதற்காகத் திரையில் பெட்டிகளை அடுக்கி, கோடுகளால் இணைத்து ஒரு நிரல் செய்திருந்தேன்.

காலையில் கருவியிடம், "எல்லாக் கோடுகளும் இணைந்திருக்கின்றனவா?" என்று கேட்டேன். "இணைந்திருக்கின்றன" என்றது.

நிம்மதியாகத் தேக்கா சந்தைக்குப் போனேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மழை கொட்டியது. கமலா அழைத்தாள்.

"என்னங்க, வெயில் அடிக்கிறப்போ மழை வருது, மழை வருதுன்னு மெசேஜ். மழை வந்தப்போ ஒண்ணும் வரல. சாயந்திரம் உங்க தங்கச்சி வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நான் எதைக் கட்டுறது? உங்க கம்ப்யூட்டரையா?"

கருவியின் மேல் கோபம் வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று காலை உரையாடலை மறுபடி படித்தேன். "இணைந்திருக்கின்றன" என்பதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

"ஆனால் மழை வருமா என்று பார்க்கும் பெட்டியில், 'மழை இல்லை' என்ற பக்கத்திலிருந்துதான் செய்தி போகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்தீர்களா?"

ஒன்றும் தெரியாதவன் என்று அது நினைத்துவிடுமோ என்ற பயத்தில், "ஆமாம், வேண்டுமென்றேதான்" என்று பதில் எழுதியிருக்கிறேன். நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

இதைக் கமலாவிடம் எப்படிச் சொல்வது என்று அனுபவமுள்ளவர்கள் சாயந்திரத்துக்குள் எழுதுங்கள்.

மேலே உள்ள மூன்றாவது குறிப்பு தவறு.