கட்டை கேமும் மலர்கொடியின் செருப்பும்

ஐம்பத்திரண்டு வயசு ஆள் போனில் பொம்மைக் கட்டை அடுக்கி விளையாடினான் என்றால் யாரும் சிரிப்பார்கள். அந்தக் கூறுகெட்டவன் நான்தான், கலியமூர்த்தி. மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் போடுகிறவன். வாய்க்காலில் வரும் உப்புத்தண்ணீரைப் பாத்திக்கு இறைத்து, விரலளவு ஏறியதும் நிறுத்த வேண்டும். என் வேலையே அவ்வளவுதான்.

மகள் பூவிழி கொடுத்த பழைய போனில் அந்த கேம் இருந்தது. மஞ்சள் மூஞ்சி பொம்மை ஒன்று எதிரே பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கும். கார், நாற்காலி, வீடு எல்லாம் கட்டை கட்டையாகச் சிதறும். பட்டனை அழுத்திப் பிடித்தால் அதே கட்டைகள் குதித்துக் குதித்துப் பாலமாகிவிடும். பொம்மையே உடைந்து விழுந்தாலும் அடுத்த நொடி எழுந்து ஓடும். இதில் என்னதான் இருக்கிறது என்று என் மனைவி ரேணுகா தலையில் அடித்துக்கொள்வாள். இங்கே ஒரு மழை பெய்தால் பாடுபட்டதெல்லாம் கரைந்துபோகும். அங்கே எதுவும் வீணாகவில்லை. சனியன், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மாசிக் கடைசியில் ஒரு மதியம். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து போனில் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்தில் உப்பு வாரும் மலர்கொடியின் பாத்தியில் நின்றது. மறுநாள் வார வேண்டிய உப்பு. வண்டி மோதிப் பிழைத்த மகன் சதீஷுக்காக, இந்த வருஷத்து முதல் உப்பை மாரியம்மன் கோயிலில் கொட்டுவதாக அவள் வேண்டியிருந்தாள். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீரை வடித்து, வரப்பை மண் போட்டு அடைத்தேன். உப்பு கரைந்துவிட்டிருந்தது.

மறுநாள் காலையில் பாத்தியைப் பார்த்ததும் மலர்கொடி அப்படியே குந்திவிட்டாள்.

"வரப்புல நண்டு ஓட்டை போட்டிருக்கும்மா," என்றேன். எனக்கு வாய்கூடக் கூசவில்லை.

"நண்டு இல்லண்ணா. முந்தாநேத்து அவசரத்துல செருப்பு காலோட பாத்தில இறங்கிட்டேன். ஆத்தாவுக்குப் பொறுக்கல."

உப்பு விளைந்த பாத்தியில் நாங்கள் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. அவள் அதை நம்பினாள், நானும் நம்பவிட்டேன். திரும்ப உப்பு விளைகிறவரை செருப்பே போடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாள். கொதிக்கிற தார் ரோட்டில் வீடுவரை வெறுங்காலோடு நடந்தாள். வெடிப்பில் உப்பு ஏறிக் கால் வீங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அந்தக் காலைப் பார்க்க முடியாமல் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஆமாம், அப்போதும் அந்தக் கருமத்தைத்தான் ஆடினேன்.

பத்தாம் நாள் பாத்தியில் மறுபடி உப்பு வெளுத்தது. வாரும் பலகையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"முதல் உப்ப நீங்க வாரிக் குடுங்கண்ணா. என் கை ஆகாது."

பலகையோடு வரப்பிலேயே நின்றேன்.

"மலரு, தண்ணிய விட்டது நான். மோட்டாரப் போட்டுட்டு கேம் ஆடிட்டு இருந்தேன். உன் செருப்பு மேல தப்பில்ல."

அவள் துணி சுற்றிய தன் காலைப் பார்த்தாள்.

"பத்து நாளா இந்தக் காலப் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

என் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டு அவளே பாத்தியில் இறங்கினாள்.