கன்னியம்மாக்கா கட்டிய மாய முடிச்சு

1. முதல் நாளே மூக்குடைப்பு

பிசியோதெரபி வேலையில் எனக்கு இருபது வருஷம். மேஜிக்கைத் தெரபியில் சேர்த்துக்கொண்டது நடுவில்தான். கயிறு, கைக்குட்டை, ரப்பர் பேண்ட் வித்தை எல்லாமே விரலுக்கு எக்சர்சைஸ். "பத்து தடவை மடக்குங்க" என்றால் கொட்டாவி விடுகிற ஆள், வித்தை என்றால் நூறு தடவை மடக்குவார்.

செஞ்சியில் எங்கள் சென்டரில் முதன்முதலாக வித்தை காட்டினேன். கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஊதி, இரண்டு முனையையும் இழுத்தேன். முடிச்சைக் காணோம்! எல்லோரும் கைதட்டினார்கள், கன்னியம்மாக்காவைத் தவிர. பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டி விற்கிறவர். பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, முடிச்ச அவுக்குறதுக்கு ஒரு வித்தையா? எனக்குப் போடறதுக்குச் சொல்லிக்குடு. ஆடி பொறக்கறதுக்குள்ள கை வரலன்னா, என் எடத்துல வேற ஆளு குந்திடும்."

"நான் டாக்டர் இல்லக்கா."

"வெள்ளக் கோட்டு போட்டுக்கினு இருக்கிற இல்ல? போதும்."

2. கொட்டிய பூ

அந்த வித்தையின் ரகசியம் இவ்வளவுதான்: கயிற்றை வளைத்த கண்ணியை முறுக்குவதுபோல் காட்டி, முறுக்காமல் மாட்ட வேண்டும். அதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகத் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். சொல்லிக்கொடுத்ததும் அக்காவுக்கு வித்தைப் பைத்தியமே பிடித்துவிட்டது. பாவாடை நாடா, துண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் துப்பட்டா, எதையும் விடவில்லை. அந்தப் பெண் போட்ட சத்தத்தில் டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டாராம்.

ஆடிக்கு ஒரு வாரம் முன்பு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். நானும் கூடவே போனேன். மேல்சித்தாமூருக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போகிற ஒரு பெண் ரெண்டு முழம் மல்லி கேட்டாள். அக்கா கட்டினார். என்ன வேகம்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அந்தப் பெண் உறுதியாக இருக்கிறதா என்று சும்மா ஒரு இழு இழுத்தாள். மொத்த மல்லியும் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"அய்யய்யோ! இன்னாக்கா இது, மேஜிக்கா?"

"ஆமாம்மா," என்றேன். வேறு என்ன சொல்ல? வித்தை பழகிய தோஷத்தில் ஒரு கண்ணியைக்கூட முறுக்காமல் கட்டியிருக்கிறார்!

"போச்சு! என் பொழப்பே போச்சு!" அக்கா கண்ணைக் கசக்கினார். எனக்கோ தலைகால் புரியவில்லை. நடு பஸ் ஸ்டாண்டில் குதித்தேன்.

"பூ கொட்டிச்சுன்னு நான் அழுவுறேன், நீ குதிக்கிற! லூசாடி நீ?"

"கையப் பாருக்கா! ரெண்டு முழம் கட்டி முடிக்கிற வரைக்கும் அது நோவுக் கைன்னு உனக்கு ஞாபகமே வரலியே!"

அக்கா கையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அழுகையும் சிரிப்புமாக, அப்படி ஒரு சிரிப்பு. அந்தப் பெண்ணும் கீழே உட்கார்ந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தாள். மறுபடி கட்டும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் "முறுக்கு, முறுக்கு" என்று மூன்று பேரும் கோரஸாகச் சொன்னோம்.

"இப்ப இழுத்துப் பாரு," என்றார் அக்கா.

இழுத்தாள். ஒரு மொட்டுகூட விழவில்லை.

அன்றைய கேஸ் ஷீட்டில் எழுதினேன்: "நோயாளி கட்டிய பூ முழுவதும் கொட்டிவிட்டது. முன்னேற்றம் மிக நன்று." மேலதிகாரி கூப்பிட்டு விளக்கம் கேட்டார். புதிதாக வேலைக்கு வரும் உங்களுக்கும் அதே விளக்கம்தான்: தப்பைத் திருத்துவதற்கு முன்னால், அதைச் செய்தது எந்த விரல் என்று பாருங்கள்.